ஒரு நிமிஷம்... இதோ வந்துடறேன்!

லேப் நடுவுல ஒரு தடவை, லஞ்ச் முடிச்சு ரெண்டு தடவை, சினிமாவுல இடைவேளைக்கு முன்னாடியே ஒரு தடவை... 'ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்'னு எழுந்து ஓடுற ஒரு ஜீவன் எல்லா கேங்லயும் உண்டு. அந்த ஜீவனுக்கு நாம வெச்சிருக்கிற பட்டப்பெயர்களில் பாதியை இங்கே அச்சடிக்க முடியாது. 'டேங்க் சின்னதுடா மாப்ளே'ன்னு சிரிச்சுட்டு அடுத்த மேட்டருக்குப் போயிடுவோம். திரும்பி வர்ற ஆளோட முகம் வலியில சுருங்கியிருக்கிறதை யாரும் கவனிக்கறதில்லை.

அடிக்கடி போறது, போகும்போது எரியறது. இந்த ரெண்டைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப்போறோம். மூக்கைச் சுளிக்காம படிங்க ஃப்ரெண்ட்ஸ். மெஸ்ல உட்கார்ந்து படிக்கிறவங்க மட்டும் சாப்பிட்டு முடிச்சுட்டு வாங்க. வெயிட் பண்றேன்!

சூடு புடிச்சுக்கிச்சு!

நம்ம ஊர்ல இதுக்குப் பேருக்குப் பஞ்சமே இல்லை. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீர் எரிச்சல்... எதுவும் வேண்டாம்னா ஒரே வார்த்தையில 'சூடு'. ஹாஸ்டல்ல இருந்து போன் போட்டு 'எரியுதும்மா'ன்னு சொன்னா போதும், அடுத்த செகண்ட் பிரிஸ்கிரிப்ஷன் வந்துடும். கால் கட்டைவிரல் நகத்துல சுண்ணாம்பு தடவு, தொப்புள்ல விளக்கெண்ணெய் வை, வெந்தயத்தை மோர்ல போட்டுக் குடி, இளநீர் குடி, பார்லி கஞ்சி குடி. பக்கத்துல பாட்டி இருந்தா சிறுநெருஞ்சில் கஷாயமும் லிஸ்ட்ல சேரும்.

இதையெல்லாம் கிண்டல் பண்றதுக்காக நான் வரலை. அந்த லிஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்க... முக்கால்வாசி 'குடி'ன்னுதான் முடியுது. ஏப்ரல், மே வெயில்ல உடம்புத் தண்ணி வியர்வையாவே போயிடும். மிச்சம் கொஞ்சமாக, அடர்த்தியாக, கரும்மஞ்சளாக வர்ற சிறுநீர் எரிச்சலைக் கொடுக்கும். நாலு டம்ளர் மோர் உள்ளே போனதும் அது நீர்த்துப்போய், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். பேர் வாங்கிக்கிட்டுப் போறது சுண்ணாம்பு!

சிக்கல் எங்கே வருதுன்னா, எல்லா எரிச்சலும் வெயில் எரிச்சல் இல்லை. பாக்டீரியா தொற்றும் முதல் நாள் இப்படித்தான் எரியும். சிறுநீர்க்குழாயின் கீழ்முனைக்கு இறங்கி வந்த கல்லும் இப்படித்தான் படுத்தும். பாலியல் தொற்றுகளும் அப்படியே. நாலு தனித்தனி வியாதிக்கு நாம 'சூடு'ன்னு ஒரே லேபிளை ஒட்டி ஷெல்ஃபுல வெச்சுடறோம். ரெண்டு நாள் தண்ணி குடிச்சும் போகலைன்னா அது வெயில் இல்லை. அவ்வளவுதான்.

டேங்க் எத்தனை லிட்டர்?

நாம இன்ஜினீயரிங் ஆளுங்க. இதை ஒரு சிஸ்டமாகப் பார்த்துடலாம். ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ஆமாம், 180! அதில் கிட்டத்தட்ட 99 சதவிகிதம் திரும்ப ரத்தத்துக்கே போயிடும். மிச்சமிருக்கிற ஒண்ணரை லிட்டர் சொச்சம்தான் வெளியே வருது. அதைச் சேர்த்து வைக்கிற டேங்க், சிறுநீர்ப்பை. கொள்ளளவு ஏறக்குறைய 400-லிருந்து 500 மி.லி. பாதி நிறைவதற்கு முன்னாடியே, 150, 200 மி.லி. அளவிலேயே முதல் சிக்னல் மூளைக்குப் போயிடும். 'இந்த பீரியட் முடியட்டும், பார்த்துக்கலாம்'னு மூளை அதைத் தள்ளிப்போடும். முழிச்சிருக்கிற நேரத்துல ஆறிலிருந்து எட்டு தடவை போறது சகஜம். தண்ணி நிறைய குடிக்கிறவங்களுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு கூடலாம்.

அப்ப 'அடிக்கடி'ன்னா என்ன? இங்கேதான் பலர் தப்பான கேள்வியைக் கேக்கறாங்க. எத்தனை தடவை போறீங்க என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போறீங்க என்பதுதான் முக்கியம். டேங்க்குக்குத் தண்ணி நிஜமாவே அதிகமா வந்துக்கிட்டிருக்கா, இல்லை டேங்க் காலியா இருக்கும்போதே சென்சார் அலறுதா? ரெண்டும் ரெண்டு துருவம். முதல் ரகத்துல ஒவ்வொரு தடவையும் நிறைய போகும். ரெண்டாவது ரகத்துல ஓடிப்போய் உட்கார்ந்தா நாலு சொட்டு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சூப்பர் டெஸ்ட் இருக்கு. செலவு, ஒரு பிளாஸ்டிக் அளவு கப். மூணு நாளைக்கு எப்போ போனீங்க, எத்தனை மி.லி., என்ன குடிச்சீங்கன்னு ஒரு நோட்டுல எழுதணும். அவ்வளவுதான் டெஸ்ட்! சிறுநீரக டாக்டர்கள் இதை ஒரு முறையான பரிசோதனையாவே பார்க்கிறாங்க. 24 மணி நேரக் கூட்டுத்தொகை மூணு லிட்டரைத் தாண்டினா கதை டேங்க்குல இல்லை, மேலே எங்கேயோ இருக்கு. அதைத் தாண்டாம, தடவைக்கு 60, 80 மி.லி.ன்னு இருந்தா சந்தேகம் சிறுநீர்ப்பை பக்கம் திரும்பும். ஹாஸ்டல்ல கப்பும் கையுமா போறதைப் பார்த்து நாலு பேர் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். சர்வேயிங் லேப்ல லெவலிங் ஸ்டாஃபைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கறதை விட இது கேவலமில்லை.

பேர்லயே இருக்கு!

நிறைய நிறையப் போறவங்க முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. 'சுகரா... அது அப்பாவுக்கு வர்றது'ன்னு நினைக்காதீங்க. டைப்-1 சர்க்கரை நோய் குழந்தைகளையும் நம்ம வயசுக்காரங்களையும்தான் அதிகம் தேடி வரும். ரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, கிட்னியால எல்லாத்தையும் திரும்ப இழுத்துக்க முடியாது. குளுக்கோஸ் சிறுநீரில் வழியும். போகும்போது ஆஸ்மாசிஸ் கணக்குல தண்ணியையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போகும். அதனால நிறையப் போகும், தாகம் எடுக்கும், பாட்டில் பாட்டிலா குடிப்பீங்க, மறுபடி போகும். இதுல ஜீன்ஸ் வேற லூசாகும். டயட் எதுவும் இல்லாம உடம்பு குறைஞ்சா சந்தோஷப்படாதீங்க மக்களே!

இந்த வியாதிக்கு நம்ம மொழியில் வெச்ச பேரே 'நீரிழிவு'. அறிகுறியையே பேரா வெச்சிருக்காங்க. சமஸ்கிருதத்தில் 'மதுமேகம்', அதாவது தேன் மாதிரி சிறுநீர். எறும்பு மொய்க்கிறதை வெச்சே கண்டுபிடிச்சிருக்காங்க. அது சர்க்கரைதான்னு 1776-ல் இங்கிலாந்து டாக்டர் மாத்யூ டாப்ஸன் சிறுநீரைக் காய்ச்சி ஆவியாக்கிக் காட்டினார். இன்னிக்கு அந்தக் கஷ்டமெல்லாம் வேண்டாம். வெறும் வயித்துல எடுக்கிற ரத்தத்தில் 126-ஐத் தொட்டாலோ, ஹெச்.பி.ஏ.1.சி. 6.5-ஐத் தொட்டாலோ சர்க்கரை நோய்தான் என்று சந்தேகப்பட்டு, மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்வார்கள். தாகம், எடை குறைவோட வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறது எல்லாம் சேர்ந்தா மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அப்பவே ஆஸ்பத்திரி.

எக்ஸாம் டயத்துல மட்டும் அடிக்கடி போறவங்க பயப்பட வேண்டியதில்லை. நைட் பூரா டீ, காபி. காஃபினுக்கு சிறுநீர்ப்பையைச் சீண்டி விடுற குணம் உண்டு. அதோட டென்ஷன். ஹால் டிக்கெட்டைப் பார்த்ததும் வர்ற அவசரம், கடைசி பேப்பர் முடிஞ்சதும் காணாமப் போயிடும்.

நாலு சென்ட்டிமீட்டர் தகராறு

இப்ப எரிச்சல் கேஸுக்கு வருவோம். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போகுது, போகும்போதும் போன பிறகும் எரியுது, அடிவயிறு வலிக்குது, கலங்கலா இருக்கு... பெரும்பாலும் இது சிறுநீர்ப்பாதைத் தொற்று. டாக்டர்கள் பாஷையில யு.டி.ஐ. வில்லன் பேர் ஈ.கோலி. 1885-ல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை நல மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்ன பாக்டீரியா. நம்ம குடல்ல சாதுவா குடித்தனம் நடத்துற பார்ட்டிதான். இடம் மாறினாதான் தகராறு. உடம்பில் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளால் சிறுநீர்ப்பைச் சுவரைக் கொக்கி போட்டுப் பிடிச்சுக்கும். சாதாரண யு.டி.ஐ.களில் நாலில் மூணு பங்குக்கு இதுதான் காரணம்.

பொண்ணுங்களுக்கு ஏன் இது அதிகம்? சுத்தமில்லாதவங்கன்னு அர்த்தமில்லை, வெறும் ஜியாமெட்ரி! பெண்களின் வெளிவழிக் குழாய் நீளம் சுமார் 4 செ.மீ. ஆண்களுக்கு சுமார் 20 செ.மீ. பாக்டீரியா நடக்க வேண்டிய தூரம் அஞ்சில் ஒரு பங்கு. அதுவும் ஆசனவாய்க்குப் பக்கத்துலயே வாசல். அதனாலதான் கழுவும்போது முன்னாலிருந்து பின்னாலன்னு சொல்றாங்க. உலகத்துப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்து போகுது. உடலுறவும் பாக்டீரியாவை உள்ளே தள்ளிவிடும். கல்யாணமான புதுசுல வர்ற எரிச்சலுக்கு அதான் காரணம். அதுக்காக யு.டி.ஐ. வந்த ஒவ்வொரு பொண்ணையும் ஒரு மாதிரி பார்க்கிற லேப், மெடிக்கல் ஷாப் ஆசாமிகள் கொஞ்சம் உயிரியல் படிச்சா நல்லது. பத்து வயசுப் பிள்ளைக்கும் வருது, பாட்டிக்கும் வருது.

ரெஸ்ட் ரூம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்

எங்க பிளாக்ல ஒரு சின்னக் கணக்கு போட்டேன். மூணாவது மாடியில ரெண்டு கிளாஸ், சுமார் 70 பொண்ணுங்க. இன்டர்வெல் 15 நிமிஷம். ரெஸ்ட் ரூம்ல நாலு கதவு. ஒண்ணு ஸ்டோர் ரூமாகி வருஷக்கணக்காச்சு, இன்னொண்ணுல தாழ்ப்பாள் இல்லை. மிச்சம் ரெண்டு. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சா, மணி அடிக்கிறதுக்குள்ள போய் வர முடியறது 14 பேர், அதிகபட்சம் 15. மிச்சம் 55 பேர்? அடக்கிக்கறாங்க. அடக்கிக்கறது கஷ்டம்னு தெரிஞ்சதால காலையிலிருந்தே தண்ணி குடிக்கறதில்லை. காலேஜ் பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம் வர்ற டே-ஸ்காலர் ஒருத்தி பையில தண்ணி பாட்டில் வெச்சிருக்கா... சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் மூடியைத் திறப்பா. கியூயிங் தியரியில டிஸ்டிங்ஷன் வாங்கின கிளாஸ் இது!

இதுக்கும் தொற்றுக்கும் என்ன சம்பந்தம்? அடக்கறது பாக்டீரியாவை உண்டாக்காது. ஆனா உள்ளே ஏறி வந்ததைக் கழுவி வெளியே தள்ளுறது சிறுநீர்தான். கம்மியா குடிச்சு, கம்மியா போனா அந்த வேலை நடக்காது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்காவே காட்டியிருக்கு. அடிக்கடி யு.டி.ஐ. வருகிற, ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டருக்கும் குறைவா குடிக்கிற 140 பெண்களை ரெண்டு குழுவாகப் பிரிச்சாங்க. ஒரு குழு கூடுதலா தினமும் ஒண்ணரை லிட்டர் தண்ணி குடிச்சது. ஒரு வருஷ முடிவுல அவங்களுக்கு சராசரியா 1.7 தடவை தொற்று. மத்தவங்களுக்கு 3.2 தடவை. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, வெறும் தண்ணி!

டாய்லெட் சீட்ல உட்கார்ந்தா தொத்திக்கும்னு ஒரு பயம் இருக்கு. தோலுக்கும் சீட்டுக்கும் நடுவுல நடக்கிற விஷயம் இல்லைங்க இது. உட்காராம அந்தரத்துல நின்னுக்கிட்டே போறதுலதான் வம்பு. இடுப்புத் தசை இறுக்கமாகவே இருந்து, டேங்க் முழுசா காலியாகாம போகலாம். ஆக, நம்ம டாய்லெட்ல பயப்பட வேண்டியது சீட்டுக்கு இல்லை, தாழ்ப்பாளுக்கும் தண்ணி வராத குழாய்க்கும்.

அக்கா கொடுத்த அஞ்சு மாத்திரை

போன வருஷம் நவம்பர், செமஸ்டர் நேரம். என் ரூம்மேட்டுக்கு எரிச்சல். வார்டன் மேம்கிட்ட சொல்லக் கூச்சம், வீட்டுல சொன்னா பயந்துடுவாங்க. எதிர் ரூம் ஃபைனல் இயர் அக்காகிட்ட பழைய ஸ்ட்ரிப்ல அஞ்சு மாத்திரை மிச்சம் இருந்தது. 'எனக்கு இதுலதான்டி சரியாச்சு'ன்னு பாசமாத்தான் கொடுத்தாங்க. கூடவே மெடிக்கல் ஷாப் அண்ணாகிட்ட ஒரு ரோஸ் கலர் சிரப். ரெண்டு நாள்ல எரிச்சல் குறைஞ்சது. மாத்திரையை நிறுத்திட்டு புக்கைத் தூக்கிட்டா.

அந்த சிரப்புகள் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைச்சு எரிச்சலை அடக்கும். பாக்டீரியாவைக் கொல்லாது. ஃபயர் அலாரத்தை ஆஃப் பண்ற மாதிரி!

பத்தாவது நாள் காலையில, ரெண்டு போர்வைக்குள்ள பல்லு தந்தியடிக்க நடுங்கிக்கிட்டிருந்தா. 103 டிகிரி காய்ச்சல், வாந்தி. வலது பக்க முதுகுல, விலா எலும்புக்குக் கீழே லேசா தட்டினாலே துள்ளினா. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து குழாய் வழியா கிட்னிக்கே ஏறிடுச்சு. நாலு நாள் அட்மிட், நரம்பு வழியா ஆன்டிபயாடிக். கல்ச்சர் ரிப்போர்ட் வந்தப்போ, அக்கா கொடுத்த மாத்திரைக்கு நேரா ஒரே ஒரு எழுத்துதான் இருந்தது... 'ஆர்'. ரெசிஸ்டென்ட். அந்தக் கிருமியை அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணியிருக்காது. அவ எழுதாத பேப்பர் அரியர் கணக்குல சேர்ந்தது. அப்பா ஊர்லேருந்து ராத்திரி பஸ்ல நின்னுக்கிட்டே வந்தார்.

ஆன்டிபயாடிக் ஸ்ட்ரிப்போட முதுகுல செங்குத்தா ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருக்கீங்களா? டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து அதுன்னு அர்த்தம். 2016-ல் மத்திய சுகாதாரத்துறை இதுக்குன்னே ஒரு விளம்பர இயக்கம் நடத்தியது. ஒரு காலத்துல நம்ம ஊர்ல நீர்க்கடுப்புன்னாலே கண்ணை மூடிக்கிட்டு எழுதின நார்ஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் வகையறாக்களுக்கு இன்னிக்கு இந்தியாவுல பெரும்பாலான ஈ.கோலி மசியறதில்லை. மிச்சம் மீதி மாத்திரைகளை கடன் கொடுக்கிறதும், பாதியில நிறுத்துறதும் அதுக்கு ஒரு காரணம். நாம பாக்டீரியாவுக்கு இலவசமா கோச்சிங் கிளாஸ் எடுத்திருக்கோம்.

அந்த டப்பா மேட்டர்

'யூரின் டெஸ்ட் எழுதியிருக்கேன், கொடுத்துட்டு வாங்க.' டாக்டர் சுலபமா சொல்லிடுவார். லேப்ல மூடி போட்ட டப்பாவைக் கையில திணிச்சு பாத்ரூம் பக்கம் கையைக் காட்டுவாங்க. எப்படி எடுக்கணும்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி. அதனால நல்ல டெஸ்ட்டே பாழாப்போகுது. கவனமா கேட்டுக்கங்க.

கையைக் கழுவுங்க. அந்த இடத்தைத் தண்ணியால கழுவுங்க. முதல்ல வர்றதை டாய்லெட்ல விட்டுடணும், ஏன்னா அது வாசல்ல இருக்கிற கிருமியை அடிச்சுக்கிட்டு வரும். நடுவுல வர்றதைத்தான் டப்பாவுல பிடிக்கணும். கடைசியும் டாய்லெட்டுக்கே. டப்பாவோட உள்பக்கத்துல விரல் படக் கூடாது. மூடியைத் தரையில கவுத்து வெக்கக் கூடாது. காலையில எழுந்ததும் எடுக்கிறது பெஸ்ட். முக்கியமா, ஆன்டிபயாடிக்கோட முதல் மாத்திரையை முழுங்கறதுக்கு முன்னாடி எடுக்கணும். ஒரு டோஸ் உள்ளே போனாலே கல்ச்சர்ல கிருமி வளராம ஏமாத்திடும்.

எடுத்த டப்பாவை ஸ்கூட்டி டிக்கியில வெச்சுக்கிட்டு ஊர் சுத்தாதீங்க. சாதகமான சூட்டுல ஈ.கோலி 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும். ரெண்டு மணி நேரத்துல ஆறு தடவை. ரெண்டின் அடுக்கு ஆறு, 64. தோலிலிருந்து தவறி விழுந்த 2,000 கிருமி 1,28,000 ஆயிடும். லேப்ல லட்சத்தைத் தாண்டிட்டா 'பாசிட்டிவ்'னு எழுதிடுவாங்க. இல்லாத வியாதிக்கு மாத்திரை! ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொடுக்க முடியலைன்னா ஃபிரிட்ஜ்ல வெக்கணும். ஹாஸ்டல் ஃபிரிட்ஜ்னா கவர் போட்டு, பேர் எழுதி... ஆப்பிள் ஜூஸ்னு யாரும் கை வெச்சுடாம.

டப்பா உள்ளே போனதும் என்ன நடக்குது? முதல்ல ஒரு பட்டை. கலர் கலரா கட்டம் போட்ட ஸ்ட்ரிப்பை முக்கி எடுப்பாங்க. சர்க்கரை, புரதம், ரத்தம், பி.ஹெச்... ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். நமக்கு வேண்டியது ரெண்டு. ஒண்ணு, வெள்ளையணுவோட என்சைமைக் காட்டுறது. இன்னொண்ணு நைட்ரைட். சிறுநீரில் இயல்பா இருக்கிற நைட்ரேட்டை ஈ.கோலி நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட் பட்டா கட்டம் பிங்க் ஆகும். என்ன ரியாக்‌ஷன் தெரியுமா? பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில மார்க்குக்காக மனப்பாடம் பண்ணோமே, டையஸோடைசேஷன்... சாட்சாத் அதேதான்! 19-ம் நூற்றாண்டுல இந்த டையஸோ வேதியியலைக் கண்டுபிடிச்ச பீட்டர் கிரீஸ், இங்கிலாந்துல ஒரு பீர் கம்பெனியில கெமிஸ்ட்டா இருந்தவர். இதுல ஒரு வேடிக்கை. நைட்ரைட் உருவாக, சிறுநீர் சுமார் நாலு மணி நேரம் உள்ளே தங்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுற ஆளுக்கு அது எப்படித் தங்கும்? அதனால நைட்ரைட் 'நெகட்டிவ்'னு வந்தா தொற்று இல்லைன்னு அர்த்தமில்லை.

அடுத்து மைக்ராஸ்கோப். ரிப்போர்ட்ல 'பஸ் செல்ஸ்'னு போட்டிருப்பாங்க, சீழ் அணுக்கள். 0-லிருந்து 5 வரைக்கும் ஓகே. அதுக்கு மேலே போனா உள்ளே சண்டை நடக்குதுன்னு அர்த்தம். 'எபிதீலியல் செல்ஸ்' எக்கச்சக்கமா இருந்தா, நடுவுல பிடிக்காம முதல்லயே பிடிச்சுட்டீங்கன்னு அந்தக் காகிதம் உங்களைப் போட்டுக் கொடுக்குது!

கடைசியா கல்ச்சர். ஒரு மி.லி.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிடிக்கிற கம்பி வளையத்தால தொட்டு, அகர் தட்டுல கோலம் மாதிரி இழுத்து, 37 டிகிரியில ஒரு ராத்திரி வெப்பாங்க. அந்த அகர் வேற ஒண்ணும் இல்லை... ரம்ஜானுக்கு ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல கண்ணாடி மாதிரி கட் பண்ணி வெப்பாங்களே கடல்பாசி, அதே சரக்கு! சமையலறையில ஜாம் கெட்டியாக்கப் பயன்பட்ட அகரை லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸி. 1880-களில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸியின் மனைவி. மறுநாள் தட்டுல முளைச்ச புள்ளிகளை எண்ணி ஆயிரத்தால பெருக்குவாங்க. 100 புள்ளின்னா மி.லி.க்கு ஒரு லட்சம். இந்த 'லட்சம்' எல்லைக்கோடு 1950-களில் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் காஸ் செய்த ஆய்வுகளில் இருந்து வந்தது. எரிச்சல் இருக்கிற பெண்ணுக்கு அதை விடக் கம்மியா இருந்தாலும் டாக்டர் அதை ஒதுக்கிட மாட்டார். அறிகுறி எதுவுமே இல்லாம லட்சத்தைத் தாண்டினா, கர்ப்பிணி மாதிரி சில பேரைத் தவிர மத்தவங்களுக்கு வழக்கமா மருந்தே தேவையில்லை.

கிருமி கிடைச்சதும், அதன் மேலே ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் ஊறின குட்டிக் குட்டிக் காகித வட்டுகளை வெச்சு இன்னொரு ராத்திரி. எந்த வட்டைச் சுத்தி கிருமி வளராம பொட்டல் விழுதோ அதோட விட்டத்தை மில்லிமீட்டர்ல அளப்பாங்க. 'எஸ்'னா மசியும், 'ஆர்'னா மசியாது. ஆக மொத்தம் ரெண்டு, மூணு நாள் ஆகும். முதல் தடவை வந்த சாதாரண எரிச்சலுக்கு, டாக்டர் கல்ச்சருக்குக் காத்திருக்காம குறைஞ்ச நாள் மருந்து எழுதலாம். அது தப்பில்லை. திரும்பத் திரும்ப வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ, பேஷன்ட் ஆணா இருந்தாலோ கல்ச்சர் கட்டாயம்.

பசங்க மட்டும் எஸ்கேப்பா?

கடைசி வார்த்தையைக் கவனிச்சீங்களா பாய்ஸ்? 20 செ.மீ. பாதுகாப்பு இருக்கிறதால, இளவயசு ஆண்களுக்கு யு.டி.ஐ. அபூர்வம். அதனாலயே, வந்தா சாதாரணமா விடக் கூடாது. கல்லா, ப்ராஸ்டேட் வீக்கமா, குழாய்ல அடைப்பான்னு ஸ்கேன் பண்ணிப் பார்ப்பாங்க. இடுப்புலேருந்து தொடைப்பக்கம் வரைக்கும் அலை அலையா வலி, கூடவே அடிக்கடி போகணும்ங்கிற உணர்வுன்னா கல் மேலே சந்தேகம் விழும். வாழைத்தண்டு ஜூஸை நம்பி வாரக்கணக்கா உட்கார்ந்திருக்காதீங்க.

எரிச்சலோட சீழ் மாதிரி கசிவு இருந்தா கொனோரியா, கிளமிடியா மாதிரி பாலியல் தொற்றா இருக்க வாய்ப்பு உண்டு. இது ரெண்டு பாலருக்கும் பொருந்தும். பெண்களுக்குப் பல நேரம் அறிகுறியே இருக்காது. இதுக்கான மரபணு டெஸ்ட்டுக்கு சாம்பிள் எடுக்கிற முறை நேர் எதிர். ஒரு மணி நேரமாவது போகாம இருந்து, முதல்ல வர்ற கொஞ்சத்தைத்தான் பிடிக்கணும். கிருமி குழாய்ச் சுவர்லதானே இருக்கு! அரசு மருத்துவமனைகளில் 'சுகவாழ்வு மையம்'னு போர்டு போட்ட அறை இருக்கும். பாலியல் தொற்றுகளுக்கான இலவச ஆலோசனையும் சிகிச்சையும் அங்கேதான். நேர்ல போகத் தயக்கமா இருந்தா 1097-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம், இலவசம்.

இன்னொரு ரிப்போர்ட் இருக்கு, நம்ம நாட்டுல குறிப்பா கவனிக்க வேண்டியது. பஸ் செல்ஸ் ஏகப்பட்டது, கல்ச்சர்லயோ 'நோ குரோத்'. வாரக்கணக்கா எரிச்சல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. ஆன்டிபயாடிக் பாதி போட்டிருந்தாலும் இப்படி வரும், கிளமிடியாவா இருந்தாலும் வரும். சிறுநீர்ப்பாதை காசநோயா இருந்தாலும் இப்படித்தான். டி.பி. கிருமி சாதாரண அகர் தட்டுல ஒரு ராத்திரியில வளராது. அதுக்குத் தனி டெஸ்ட், தொடர்ந்து சில நாள் காலை சிறுநீர் கேட்பாங்க. 'கல்ச்சர் நார்மல்னு வந்துடுச்சே'ன்னு ஃபைலை மூடிடாதீங்க.

எப்ப ஓடணும்?

குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீர்ல ரத்தம், முட்டிக்கிட்டு இருந்தும் ஒரு சொட்டுகூட வராத நிலை... இதுல எது இருந்தாலும் அன்னிக்கே டாக்டர். பீரியட்ஸ் தள்ளிப்போய், கூடவே அடிக்கடி போக வேண்டியிருந்தா கர்ப்பத்துக்கான டெஸ்ட்டும் எடுத்துடணும். கர்ப்ப காலத்துல யு.டி.ஐ. வந்தா அதுக்கேத்த மருந்தே வேற. நடுராத்திரியில யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியலைன்னா தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கு.

டாக்டர் முன்னாடி உட்கார்ந்ததும் 'ஒரு மாதிரி இருக்கு டாக்டர்', 'கீழே பிராப்ளம்'னு இழுக்காதீங்க. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிற ஓ.பி.யில உங்களுக்குக் கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். 'யூரின் போகும்போது எரியுது, மூணு நாளா, ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு தடவை போறேன், காய்ச்சல் இல்லை, இதுவரைக்கும் எந்த மாத்திரையும் போடலை.' வேணும்னா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போய் அப்படியே நீட்டிடுங்க. பொண்ணுங்க லேடி டாக்டர்தான் வேணும்னா சீட்டு போடுற கவுன்ட்டர்லயே கேட்கலாம். கேட்டா முறைக்கிற ஆளும் உண்டு, 'அந்த ரூமுக்குப் போம்மா'ன்னு கை காட்டுற ஆளும் உண்டு.